ஒன்றரை லட்சம் கட்டித்தான் மீடியா படிக்க வேண்டுமா?

கேள்வி:

ஐயா, நான் சாத்தூர் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறார். மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. காமர்ஸ் குரூப் எடுத்து பிளஸ் டூவில் 486 மார்க் வாங்கியிருக்கிறாள். மீடியாதான் படிப்பேன் என்று நிற்கிறாள். ஏஜென்ட் ஒருவர் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம் சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வருஷத்துக்கு ஃபீஸ் 1,60,000, ஹாஸ்டல் 90,000, கேமரா நாம் வாங்க வேண்டும். லோனுக்கும் அவரே ஏற்பாடு செய்வாராம். இந்த வாரத்துக்குள் 20,000 அட்வான்ஸ் கேட்கிறார். குறைந்த செலவில் நல்ல கல்லூரி கிடைக்காதா? சொந்தக்காரர்கள் எல்லாம் பேசாமல் பி.காம். போடு என்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதினாள். அவள் செல்போனில் எடுத்த ஒரு வீடியோவையும் அனுப்பியிருக்கிறாள்.

பதில்:

வணக்கம் அம்மா.

முதலில் அந்த 20,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீடு தேடி வருகிற ஏஜென்ட்டுகளுக்கு, சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லூரி கமிஷன் கொடுக்கிறது. அந்த கமிஷனும் உங்கள் ஃபீசுக்குள்தான் இருக்கிறது. 'இந்த வாரத்துக்குள்' என்பதெல்லாம் அவருடைய அவசரம். அவ்வளவு ஃபீஸ் கேட்கிற கல்லூரிகள் பலவற்றில் வகுப்பு தொடங்கிய பிறகும் இடம் காலியாகக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் நேரடியாகக் கட்டிய பணமாக இருந்தால், சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகும் மாணவருக்குச் சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. ஏஜென்ட் கையில் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. ரசீதே இருக்காது.

அப்புறம் அந்த லோன். ஃபீசும் ஹாஸ்டலும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டரை லட்சம், மூன்று வருஷத்துக்கு ஏழரை லட்சம். பத்து வருஷத்தில் அடைப்பதாக வைத்தாலும் மாதத் தவணை பத்தாயிரத்தை ஒட்டி வரும். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். தமிழ் பத்திரிகையிலோ டிவியிலோ புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு, நான் பார்த்தவரை, முதல் ஒன்றிரண்டு வருஷம் சம்பளம் இருபதாயிரத்தைத் தொடுவதே பெரிய பாடு. அதில் பத்தாயிரம் தவணைக்குப் போனால், மிச்சத்தில் சென்னையில் ஹாஸ்டலுக்குக் கட்டுவதா, சாப்பிடுவதா? தவணைக்குப் பயந்தே இந்தத் தொழிலை விட்டுவிட்டு கால் சென்டருக்குப் போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே மலிவான கல்லூரி என்பது உங்கள் மகளைப் பொறுத்தவரை சிக்கனம் மட்டும் இல்லை. அவள் இந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்கிறாளா என்பதே அதில்தான் இருக்கிறது.

சரி, கல்லூரிக்கு வருவோம். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்ல உங்கள் மகள் எழுதியது என்கிறீர்கள். யார், எங்கே, எவ்வளவு, எதற்குள் என்று கேட்கிற எல்லாமே அதில் இருக்கிறது, வேண்டாத வரி ஒன்றுகூட இல்லை. நான் 22 வருஷம் நாளிதழ் டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன். மாவட்ட நிருபர்கள் எழுதி அனுப்பிய செய்திகளில், அதாவது காப்பிகளில், பாதிக்கு இந்த ஒழுங்கு இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'மீடியா படிப்பேன்' என்று பிள்ளைகள் சொல்வதில் குறைந்தது மூன்று தனித்தனித் தொழில்கள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் கல்லூரி தேடினால் பணமும் போகும், மூன்று வருஷமும் போகும்.

விஸ்காம் என்பது விஷுவல் கம்யூனிகேஷன். பி.எஸ்சி. பட்டம் என்றாலும் காமர்ஸ் படித்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓவியம், புகைப்படம், விளம்பரம், டிசைன், டிவி தயாரிப்பு, எடிட்டிங், குறும்படம் என்று எல்லாவற்றிலும் ஒரு கை பிடித்துப் பார்ப்பார்கள். செய்தி எழுதுவது அதில் ஒன்றிரண்டு பேப்பர்தான். ஜர்னலிசம் படிப்பு வேறு: செய்தி சேகரிப்பு, எழுத்து, எடிட்டிங், பத்திரிகைச் சட்டம், அரசியல், பொருளாதாரம். மூன்றாவது சினிமாக் கைத்தொழில்: ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு. நம் ஊரில் மூன்றையும் 'விஸ்காம்' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். ரிப்போர்ட்டர் ஆக ஆசைப்படும் பெண், மூன்று வருஷம் பூச்சாடியும் பழமும் வைத்து ஸ்டில் லைஃப் வரைந்துவிட்டு வெளியே வருகிறாள்.

உங்கள் மகளுக்கு எது என்று ஒரு கடிதத்தையும் ஒரு வீடியோவையும் வைத்து நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்தக் கடிதம் என்னை ஜர்னலிசம் பக்கம்தான் இழுக்கிறது. அப்படியானால் ஒரு நல்ல செய்தி: மூன்றில் மலிவான வழி அதுதான்.

பத்திரிகையில் ஆள் எடுக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பிடிஐ செய்தி நிறுவனம் அனுப்பிய ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கொடுத்து அரை மணி நேரத்தில் தமிழில் எழுதச் சொல்வோம். பிழை மலிந்த ஒரு காப்பியைக் கொடுத்துத் திருத்தித் தலைப்பு வைக்கச் சொல்வோம். நடப்புச் செய்தியில் பத்துக் கேள்வி. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியுமா என்று பார்ப்போம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பயோடேட்டாவைப் புரட்டி எந்தக் கல்லூரி என்று பார்ப்பது. தமிழ் இலக்கியம், பொருளாதாரம், வரலாறு, ஏன், பி.காம். படித்தவர்கள்கூட என்னோடு டெஸ்க்கில் இருந்தார்கள். நானே பொருளாதாரம்தான். பாக்டீரியா பற்றி எங்களில் யாரையும்விட நன்றாக எழுதிய ஒருவர் விலங்கியல் படித்தவர். இது தேவையில்லாத விவரம்தான், ஆனாலும் விஸ்காம் படிக்காவிட்டால் கதவு மூடிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் யோசனை இது. இளநிலைப் படிப்பை வீட்டுக்குப் பக்கத்தில், செலவில்லாமல் முடிக்கட்டும். மீடியாவை முதுநிலையில், நல்ல பல்கலைக்கழகத் துறையில் படிக்கட்டும். நம் மாநிலத்தில் குறைந்த செலவும் தரமும் சேர்ந்து கிடைக்கிற இடம் அந்த முதுநிலைத் துறைகள்தான். எந்தப் பட்டம் வாங்கியவரும் அதில் சேரலாம்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். எல்லா அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து இணையத்தில் ஒரே விண்ணப்பம். மதுரையில் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, திருநெல்வேலியில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இரண்டும் உங்கள் ஊரிலிருந்து நேர் ரயில் பாதையில் இருக்கின்றன. அவ்வளவு தூரம்கூட வேண்டாம் என்றால் சாத்தூரிலேயே எஸ்.ஆர். நாயுடு நினைவுக் கல்லூரி இருக்கிறது, விருதுநகரில் வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி இருக்கிறது. இரண்டும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஆங்கில இலக்கியம், பொருளாதாரம், தமிழ், எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால் ஆங்கில இலக்கியம் அல்லது பொருளாதாரம். தமிழ் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலம்தான் டெஸ்க்கில் காலை வாரும். பொருளாதாரம் படித்தவளுக்கு பட்ஜெட் அன்று அலுவலகத்தில் தனி மரியாதை. சொந்தக்காரர்கள் சொல்கிற பி.காம். தப்பில்லை, ஆனால் ஆசை இல்லாத இடத்தில் மூன்று வருஷம் உட்கார வைக்க வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'எய்டட் காலேஜ்தானே, ஃபீஸ் கம்மியாகத்தான் இருக்கும்' என்று நம்பிப் போவார்கள். உதவி பெறும் கல்லூரியிலும் எல்லா வகுப்பும் உதவி பெறுவதில்லை. தமிழ், பொருளாதாரம், வேதியியல் போன்ற பழைய பாடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. பின்னால் வந்த விஸ்காம், ஜர்னலிசம் போன்றவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் ஓடுகின்றன. 'ஷிப்ட் 2' என்பார்கள். ஒரே வாசல், ஒரே பெயர்ப் பலகை, ஆனால் ஃபீஸ் பல மடங்கு. 'இந்தக் கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?' என்று அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

இல்லை, எனக்கு விஸ்காம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தால் அதற்கும் சென்னை தேவையில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும் விஸ்காம் இருக்கிறது. சுயநிதிப் பிரிவுதான் என்றாலும் ஏஜென்ட் சொன்ன கணக்கு அங்கே வராது, ஹாஸ்டல் செலவும் குறையும். படம் வரைவதிலும் டிசைனிலும் கை ஓடுகிற பிள்ளை என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னைக் கல்லூரி 1850ல் தொடங்கியது. அங்கே பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அரசுக் கல்லூரி ஃபீஸ். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவைத் தொழிலாகவே எடுப்பதென்றால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி. நான்கு வருஷப் பட்டம், குறைந்த கட்டணம், ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் இடங்கள்தான், போட்டி கடுமை. பிளஸ் டூ முடித்ததும் சேருகிற ஐந்து வருஷ எம்.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலில் வந்த வளாகச் சமுதாய வானொலி, 2004ல் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., அங்கேதான் இயங்குகிறது.

எந்தக் கல்லூரியானாலும் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு தனியார் கல்லூரிக்கு செய்முறைத் தேர்வு நடத்த எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, போயிருந்தேன். ஸ்டூடியோவைப் பார்த்தால் ஒரு சேனலே நடத்தலாம். கண்ணாடி அலமாரிக்குள் ஆறு கேமரா. ஒரு மாணவனிடம், 'அந்தக் கேமராவில் ஒயிட் பேலன்ஸ் போட்டுக் காட்டுப்பா' என்றேன். வெளிச்சத்துக்குத் தகுந்தபடி நிறத்தைச் சரிசெய்கிற அடிப்படை வேலை அது. முழித்தான். அலமாரிச் சாவி துறைத்தலைவர் ஊருக்குப் போயிருப்பதால் அவரோடு போயிருந்தது. ஒருவழியாக மாற்றுச் சாவி தேடித் திறந்தால், கேமரா ஸ்கிரீன் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளே இன்னும் உரிக்கப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் மூன்று வருஷம் ரெக்கார்ட் நோட்டில் கேமராவைப் படமாக வரைந்து பாகம் குறித்திருந்தார்கள். அழகாகத்தான் வரைந்திருந்தார்கள், பாவம்.

ஆகவே, 'லேப் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். இருக்கும். வேலை நாளில் போங்கள், கேன்டீன் பக்கம் நில்லுங்கள், மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, 'கடைசியாகக் கேமராவைக் கையில் எடுத்தது எப்போம்மா?' என்று கேளுங்கள். போன வாரம் என்றால் நல்ல துறை. 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குக் கொடுப்பாங்க ஆன்ட்டி' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்த ப்ராஜெக்ட் குறும்படத்துக்கு யார் செலவு செய்தது என்றும் கேளுங்கள். பிள்ளைகளே கேமரா வாடகைக்கு எடுத்து ஆயிரக்கணக்கில் செலவழிப்பது சகஜம். ஃபீஸ் கட்டும்போது அதை யாரும் சொல்வதில்லை. இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் போகிற டூர், தேர்வுக் கட்டணம், ரெக்கார்ட், யூனிஃபார்ம் எல்லாம் அந்த ரகம்தான். மூன்று வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாணவர்கள் நடத்தும் பத்திரிகை ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். லேப் ஜர்னல் என்பார்கள். கடைசி இதழை வாங்கித் தேதி பாருங்கள். இரண்டு வருஷம் பழசு என்றால் அது கமிட்டி ஆய்வுக்கு வரும்போது காட்டுவதற்காக அடித்தது. புதிது என்றால் உள்ளே படியுங்கள்: கல்லூரி ஆண்டு விழாவும் தாளாளர் பிறந்த நாளும்தானா, இல்லை வெளியே ஊருக்குள் போய் நாலு பேரிடம் பேசி எழுதியிருக்கிறார்களா? துறையில் பத்திரிகையிலோ டிவியிலோ வேலை பார்த்த ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? போன வருஷப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போனார்கள், பெயர் சொல்ல முடியுமா? 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' போர்டைப் பார்த்து மயங்காதீர்கள். யூடியூப் சேனலில் ஒரு மாதம் தம்ப்நெயில் போட்டவனும் அந்தக் கணக்கில் வருவான். கல்லூரிகளை மதிப்பிடுகிற நாக் அமைப்பின் 'ஏ பிளஸ் பிளஸ்' என்பதும் கல்லூரி மொத்தத்துக்கும் கொடுத்த மார்க்தான். மீடியா துறை எப்படி என்று அது சொல்லாது.

இனி முதுநிலை. மூன்று வருஷம் கழித்து வருவதுதான் என்றாலும் இப்போதே தெரிந்திருந்தால் மகளுக்கு ஒரு பிடி இருக்கும். பக்கத்தில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறை இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதழியல் துறை உண்டு. சென்னை என்றால் சேப்பாக்கத்தில், கடற்கரைக்கு எதிரே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை. தமிழ் பத்திரிகைகளிலும் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அந்தத் துறைப் பிள்ளைகள் நிறைய. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் முதுநிலை மீடியா படிப்பு உண்டு, சேர்க்கை கியூட் பிஜி நுழைவுத் தேர்வு வழியாக. புதுச்சேரியில் 'புதுவை வாணி' என்று சொந்தச் சமுதாய வானொலியும் இருக்கிறது, பிள்ளைகள் கையில் மைக் வரும். இவற்றில் எதை எடுத்தாலும் இரண்டு வருஷக் கட்டணம், உங்கள் ஏஜென்ட் சொன்ன ஒரு வருஷக் கட்டணத்தைத் தொடாது.

டெல்லியில் 1965ல் மத்திய அரசு தொடங்கிய ஐஐஎம்சி என்கிற இதழியல் கல்வி நிறுவனம் இருக்கிறது. கேரளத்தில் கோட்டயத்திலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு. பெயர் பெரியது, கட்டணமும் பல்கலைக்கழகத் துறைகளைவிடக் கூடுதல். சென்னை தரமணியில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நல்ல பயிற்சி தருகிற இடம், ஆனால் கட்டணம் லட்சக்கணக்கில், பாடமும் ஆங்கிலத்தில். வசதி இல்லாத மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். அது கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். கடன் வாங்கியாவது படிக்க வேண்டும் என்றால் இந்தக் கட்டத்தில் வாங்குங்கள். இளநிலைக்கு வாங்காதீர்கள். கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஏஜென்ட் வேண்டாம்.

உதவித் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே பதிவு செய்வார்கள். அதற்கு ஆதார் இணைத்த கணக்கு ஒன்று அவள் பெயரில் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும்போது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பி.சி., எம்.பி.சி.க்குத் தனி உதவித்தொகைகள் இருக்கின்றன, கல்லூரி அலுவலகத்தில் ஒரு கிளார்க் அதற்கென்றே உட்கார்ந்திருப்பார். வெளியூரில் தங்க வேண்டியிருந்தால் அரசு நல விடுதிகள், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர், கட்டணம் கிடையாது. ரயிலில் போய்வருவதானால், பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரியில் கையெழுத்து வாங்கி சாத்தூர் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். பொறியியலுக்குக் கிடைக்கிற முதல் பட்டதாரி சலுகையை இதற்கு நம்பாதீர்கள். வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம்.

இந்த மூன்று வருஷமும் வகுப்போடு மட்டும் நின்றால் போதாது. இதை உங்கள் மகளுக்கு நேரடியாகச் சொல்கிறேன், நீங்கள் படித்துக் காட்ட வேண்டியதில்லை, எப்படியும் அவள்தான் உங்களுக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறாள்.

பாப்பா, கேமரா கேட்டு அம்மாவைத் தொந்தரவு செய்யாதே. கையில் இருக்கிற செல்போன் போதும். கேமரா வாங்குவதற்கு முன்னால் காலரில் குத்துகிற ஒரு மைக் வாங்கு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் அடுத்த நொடி தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகு. தினம் அரை மணி நேரம் அடித்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். தங்கிலீஷில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் அவசரத்துக்கு உதவும், டெஸ்க்கில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கழுத்தறுக்கும். தினமும் ஒரு தமிழ் நாளிதழும் ஒரு ஆங்கில நாளிதழும் படி. சாத்தூர் கிளை நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஒரே செய்தியை இரண்டிலும் படித்து, ஆங்கிலத்தில் இருப்பதை நீயே தமிழில் எழுதி, அப்புறம் தமிழ் நாளிதழ் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார். வேலைக்கான தேர்வுக்கு இதைவிட நல்ல கோச்சிங் எனக்குத் தெரியாது.

விகடன் நடத்துகிற மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பி. எந்தப் பாடம் படிக்கிறவர்களும் போடலாம். இன்றைக்குத் தமிழ் ஊடகத்தில் இருக்கிற பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அப்புறம், உன் ஊருக்குப் பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. ஊரெல்லாம் ஆஃப்செட் பிரஸ். செமஸ்டர் லீவில் ஒரு பிரஸ்ஸில் போய் உட்கார்ந்து, ஒரு பக்கம் டிசைனாகி, கலர் பிரிந்து, பிளேட்டாகி, தாளில் விழுவதைப் பார். சென்னைக் கல்லூரிகள் இதைக் காட்ட பஸ் வைத்து சிவகாசிக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகின்றன. அதற்கும் காசு வாங்கிக்கொண்டு!

கடைசியாக உன் வீடியோ. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்குகிற பெண்களை எடுத்திருக்கிறாய். நான்கு நிமிஷம் பத்து வினாடி. இரண்டு முறை பார்த்தேன். முதல் ஒரு நிமிஷம் வீண், ட்ரோன் மாதிரி காட்ட மாடியில் ஏறி எடுத்ததெல்லாம் வேண்டாம். பின்னணியில் போட்ட சோகப் பாட்டு இரண்டாவது பெரிய தப்பு. அந்தப் பெட்டிகள் உரசுகிற சத்தம்தான் அந்த இடத்தின் பாட்டு, அதை நீயே அமுக்கிவிட்டாய். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு வயசான அம்மா, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, 'சோறு பிசைஞ்சாலும் இந்த வாசம்தான்' என்கிறார். அதைச் சொல்லி முடித்ததும் நீ கட் பண்ணாமல் ஒன்பது வினாடி அவர் முகத்திலேயே கேமராவை வைத்திருக்கிறாய். அது உனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் ஆபீஸ் பெயரும் தெரிகிறது. இதைப் பொதுவில் போடலாமா என்று அவரிடம் கேட்டாயா? முதலாளி பார்த்தால் அவருக்கு வேலை போகுமா என்று யோசித்தாயா? கேட்கவில்லை என்றால் இன்றைக்குச் சாயந்திரம் ஆபீஸ் விட்டு அம்மா வரும்போது அவரையும் கூட்டி வரச் சொல். வீடியோவைப் போட்டுக் காட்டு. அவர் சரி என்றால் அந்த மாடி ஷாட்டையும் பாட்டையும் எடுத்துவிட்டு எனக்குத் திரும்ப அனுப்பு. வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம், அழித்துவிடு.